கூரைமேல் சேலை

அத்தியாயம் 9

கடிதம் வந்து நான்கு நாளாகிவிட்டது. அந்தோனிதாசன் அதை இன்னும் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். மீன் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனான். இப்போது கடிதத்திலும் மீன் மணத்தது.

மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்து ஒன்றரை வருடமாக ஒரு பதிலும் இல்லை. தமிழரின் விண்ணப்பக் கோவைகளை ஒதுக்கிவைக்கச் சொன்னது யார் என்று இந்த வசந்தத்தில் டெனிஷ் பத்திரிகைகள் கேட்கத் தொடங்கின. கேட்டதும் கோவைகள் அசைந்தன. அந்தோனிதாசனின் மனைவி மேரிகிறேசும் மகள் பிரியந்தியும் டென்மார்க்குக்கு வரலாம் என்றது கடிதம். விசாவைக் கொழும்பில் பெற்றுக்கொள்ளலாம்.

கடிதம் வந்தபோது மேரிகிறேஸ் ஏற்கனவே டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரத்தில், கணவனின் அண்ணன் வீட்டுக் குசினியில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வந்து ஏழு வாரமாகியிருந்தது.

காத்திருந்தது போதும் என்று, காசுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனைப் பிடித்தது அந்த அண்ணன் அந்தோனிமுத்து. அதை அவர் நாளுக்கு ஒரு முறையாவது நினைவூட்டுவார். கடிதம் வந்த நாள் மட்டும் நினைவூட்டவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்குப் பொலிசில் விசாரணை. எந்த வழியால் வந்தாய் என்று கேட்பார்கள். ஒழுங்காகச் சொன்னால் கொழும்புக்கு எழுதிய அனுமதியை இங்கேயே தருவார்கள் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். சந்தேகம் வந்தால் தாயும் பிள்ளையும் திரும்பிப் போக வேண்டியதுதான். பிறகு முதலிலிருந்து விண்ணப்பம், முதலிலிருந்து காத்திருப்பு.

அவள் வந்த வழி இது. கொழும்பு, நைரோபி, மொஸ்கோ, கிழக்கு பேர்லின், அங்கிருந்து கப்பலில் டென்மார்க்கின் கெட்சர் துறை. இதில் நைரோபியை மட்டும் வாயில் எடுக்கக்கூடாது என்பது அந்தோனிமுத்துவின் கட்டளை.

நைரோபியில் இறங்கி, மிருகங்கள் திரியும் பெரிய பூங்கா ஒன்றின் நடுவிலிருந்த சஃபாரி லொட்ஜில் அவள் ஒன்பது நாள் தங்கியிருந்தாள். உல்லாசப் பயணியாக. நகரத்து ஹோட்டல்களைப் பொலிஸ் சோதிக்கும், சிங்கம் பார்க்க வந்தவர்களை யாரும் சோதிப்பதில்லை என்பது ஏஜென்சிக்காரனின் மூளை. அதற்கென்று அவன் செய்த பாஸ்போட்டில் அவள் வேறொருவனின் மனைவி.

அந்த வேறொருவன் ஸ்ரிபன். அந்தோனிமுத்துவின் மனைவி றோசின் தம்பி. இருபத்தாறு வயது. இப்போது இதே வீட்டின் சோபாவில் படுக்கிறான்.

கடிதம் அவளை அந்தோனிதாசனின் மனைவி என்றது. ஆபிரிக்காவில் விழுந்த முத்திரை அவளை ஸ்ரிபனின் மனைவி என்றது. பொலிஸ் எதை நம்பும் என்று யாருக்கும் தெரியாது.

விசயம் தெரிந்தவர்கள் ஆறு பேர். ஆறு வயதுப் பிரியந்தியும் அதற்குள் சேர்த்தி.

*

ஞாயிறு காலை பூசைக்கு முன் அந்தோனிமுத்து ஒத்திகை வைத்தார். தேத்தண்ணிக் கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஞானோபதேசம் கேட்பவர் போல நிமிர்ந்து இருந்தார்.

“மொஸ்கோவில எத்தினை மணித்தியாலம் நிண்டனீங்கள்?”

“பதினாலு.”

“அதுக்கு முதல்?”

“கொழும்பு.”

“யோசிக்காமல் சொல்ல வேணும்.”

“யோசிக்கேல்லை, அத்தான்.”

அவர் திருப்தியில்லாமல் தலையை ஆட்டினார். விமான நிலையத்துக் கதிரைகளின் நிறத்தைக் கேட்டார். சாப்பிடத் தந்தது என்ன என்று கேட்டார். டெனிஷ் பொலிஸ் இப்படித்தான் சுற்றி வளைத்துக் கேட்கும் என்றார். அவரை டெனிஷ் பொலிஸ் விசாரித்தது ஐந்து வருடத்துக்கு முன், இருபது நிமிடம். அதற்குப் பிறகு எஸ்பியர்க்கில் அவர்தான் அந்தத் துறையில் பண்டிதர்.

அடுத்து ஸ்ரிபன் தன் கதையைத் தொடங்கினான். வெளியில் சொல்லக்கூடாத கதை என்பதால் வீட்டுக்குள் இரண்டு மடங்காகச் சொல்வான். அவன் கதையில் லொட்ஜில் இரண்டு குடில். ஒன்றில் மேரிகிறேஸ் அக்காவும் பிள்ளையும். மற்றதில் அவன், காவலாக. சிங்கம் வாசலுக்கு வந்தது. அவன் கதிரையைத் தூக்கிக்கொண்டு நின்றான். போன ஞாயிறு சிங்கம் முற்றத்தில் நின்றது. இந்த ஞாயிறு அது கதவைப் பிறாண்டியது. றோஸ் தம்பியின் தட்டில் இன்னொரு முட்டை வைத்தாள்.

மேரிகிறேஸ் பிரியந்திக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டாள்.

லொட்ஜைப் பற்றி அவள் யாரிடமும் கதைத்ததில்லை. கேட்டவர்களும் இல்லை. கணவன் மட்டும் ஒரு முறை யானை பார்த்தாயா என்று கேட்டான். பார்த்தேன் என்றாள். அத்துடன் ஆபிரிக்கா முடிந்தது.

ஒரு குடில்தான் இருந்தது. ஒரு கட்டில். அவளும் பிள்ளையும் கட்டிலில். ஸ்ரிபன் குளியல் தொட்டிக்குள், தலையணையும் போர்வையுமாக. விமான நிலைய வரிசையில் அவன் அவளை “அக்கா” என்று கூப்பிட்டுவிட்டான். ஏஜென்சிக்காரன் அவன் காலை மிதித்தான். எந்த நாட்டில் பெண்சாதியை அக்கா என்கிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். அதன்பிறகு ஸ்ரிபன் அவளை எப்படியும் கூப்பிடவில்லை. தேவைப்பட்டபோது இருமினான்.

லொட்ஜில் விட்டுவிட்டுப் போகுமுன் ஏஜென்சிக்காரன் அவளுக்கு மூன்று இங்கிலிஷ் வசனம் பாடமாக்கிக் கொடுத்தான். நாங்கள் விடுமுறையில் வந்திருக்கிறோம்: “வி ஆர் ஒன் ஹொலிடே.” என் கணவர் நித்திரை: “மை ஹஸ்பண்ட் இஸ் ஸ்லீப்பிங்.” அறை இலக்கம் பதினொன்று: “ரூம் நம்பர் லெவின்.” ஒன்பது நாளும் அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவள் சமாளித்தாள்.

*

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கோப்பி. அதற்குப் பிறகு இங்கர் படம் காட்டுவதாக ஏற்பாடு.

இங்கர் பள்ளிக்கூட ஆசிரியை. ஐம்பது வயதுக்கு மேல். தமிழ்க் குடும்பங்களுக்குச் சைக்கிள், குளிர்ச்சட்டை, பல் வைத்தியர் எல்லாம் அவள் மூலம் வரும். புதன்கிழமை மேரிகிறேசுக்குத் துணையாகப் பொலிசுக்கு வரப்போவதும் அவள்தான். பொய் சொல்லத் தெரியாதவள் என்று பெயர். அவள் பக்கத்தில் இருந்தால் பொலிஸ் மரியாதையாக நடக்கும் என்று அந்தோனிமுத்துதான் ஒழுங்கு செய்தார். அவளிடம் ஒன்றும் வாய்விடக்கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்தவரும் அவர்தான்.

பெப்ரவரியில், பள்ளிக்கூட விடுமுறை வாரத்தில், அவளும் கணவனும் கென்யாவுக்குப் போய் வந்திருந்தார்கள். கணவன் எடுத்த படங்களைச் சிலைட்டாக்கியிருந்தான். தமிழர்கள் பார்த்தால் சந்தோசப்படுவார்கள் என்று இங்கர் நினைத்தாள். யானையைக் கண்டால் அவர்களுக்கு ஊர் நினைவு வரும் என்றாள். அந்தோனிமுத்து அதைத் தமிழில் சொன்னார்.

அவர்களுடைய மன்னார்த் தீவில் யானை இல்லை. கழுதைதான் உண்டு. யாரும் அதைத் திருத்தவில்லை.

திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். முப்பது பேர் வரை இருந்தார்கள். பாதி தமிழர். சுவரில் வரிக்குதிரை வந்தது. ஒட்டகச்சிவிங்கி வந்தது. ஜீப்பும் தொப்பியும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் இங்கர் ஒரு கதை சொன்னாள். அந்தோனிமுத்து ஒவ்வொன்றையும் பாதியாக்கித் தமிழில் சொன்னார்.

பிறகு லொட்ஜ் வந்தது.

புல் வேய்ந்த குடில்கள். முன்னால் மரக் கைப்பிடி வேலி. அதற்கு அப்பால் நீர்த்தடாகம். மேரிகிறேசுக்கு முதலில் அடையாளம் தெரிந்தது கைப்பிடிதான். மூன்றாவது சட்டம் கழன்று தொங்கும். படத்திலும் தொங்கியது.

அவள் பிரியந்தியின் கையைப் பிடித்தாள். தேவையில்லை. பிரியந்தி ஏற்கனவே உதட்டை மடித்து வைத்திருந்தாள். வாயை மூடியிருப்பதில் அந்தப் பிள்ளை வீட்டுப் பெரியவர்களைவிடத் தேறியிருந்தது.

பொழுதுபடும்போது யானைகள் தாமாகவே தடாகத்துக்கு வரும் என்றாள் இங்கர். இங்கே தங்களுக்கு ஒரு கெடுதலும் வராது என்று அவற்றுக்குத் தெரியுமாம். அதைச் சொன்னபோது அவள் குரல் தளதளத்தது. மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு வேலையாட்கள் சாக்கில் உப்புக் கொண்டுவந்து தடாகக் கரையில் கொட்டுவார்கள். மேரிகிறேஸ் ஒன்பது நாளும் பார்த்தாள். அந்த நேரம் வெள்ளைக்காரர் நித்திரை.

இங்கர் சிரிக்கத் தொடங்கினாள். யானையை விட வேடிக்கையான ஒன்று இருக்கிறது என்றாள். தாங்கள் இருந்தது பன்னிரண்டாம் இலக்க அறை. பதினோராம் இலக்கத்தில் ஓர் இந்தியத் தம்பதி, ஒரு சின்னப் பெண்பிள்ளையுடன்.

அந்தோனிமுத்து தம்பதி என்ற சொல்லைத் தமிழில் சொல்லவில்லை. ஆனால் அந்தோனிதாசனுக்கு அந்த டெனிஷ் சொல் தெரியும். ஒன்றரை வருடமாக அவன் நிரப்பிய படிவங்கள் எல்லாவற்றிலும் அது முதல் பக்கத்தில் இருந்தது.

உலகத்தின் மறுமூலையிலிருந்து சிங்கம் பார்க்க வருகிறார்கள், ஆனால் ஒரு நாளாவது ஜீப்பில் ஏறவில்லை என்றாள் இங்கர். முப்பது வகைச் சாப்பாடு வைத்திருக்கிறது, பாணும் அவித்த முட்டையும் மட்டும் எடுக்கிறார்கள். காலையில் தங்கள் கட்டிலைத் தாங்களே விரிக்கிறார்கள். அந்த மனுசி விடிந்ததும் அறை வாசலைக் கூட்டுகிறாள், அறை துப்புரவாக்குகிறவன் விளக்குமாற்றைத் தேடி அலைகிறான். லொட்ஜ் முழுக்க அவர்களைத் துணி தோய்க்க வந்தவர்கள் என்றுதான் சொன்னார்கள்.

மண்டபம் சிரித்தது.

ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் தனித்தனியாக அறவிடுவார்கள் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். ஜீப்பில் ஏறினால் வாசலில் பாஸ்போட் பார்ப்பார்கள் என்றும் சொல்லியிருந்தான். வாசல் கூட்டுவதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எழும்பினால் வாசலைக் கூட்டாமல் எப்படி இருப்பது என்று மேரிகிறேசுக்குத் தெரியாது.

இங்கர் கணவனுக்குக் கையைக் காட்டினாள். அடுத்த படம் விழுந்தது.

புற்கூரையின் உச்சியில் ஒரு பபூன் குரங்கு. அதன் கையில் சேலை. காற்றில் முழு நீளத்துக்கும் விரிந்திருந்தது. மயில்நீலம், காவிக் கரை. கீழே கைப்பிடியில் இன்னும் இரண்டு உருப்படி காய்ந்தது. ஒரு சின்னப் பிள்ளைச் சட்டை. ஓர் ஆண் காற்சட்டை.

சேலை கட்டக்கூடாது, களிசான்தான் போட வேண்டும் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். தலைமயிரையும் வெட்டுவித்தான். அந்த ஒரு சேலையை மட்டும் அவள் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அந்தோனிதாசன் இங்கே முதற்சம்பளத்தில் வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பியது. கப்பல் துறையில் அவனைக் காணும்போது உடுத்தியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். நைரோபி பஸ்ஸில் பிள்ளை அதன்மேல் சத்தி எடுத்தது. தோய்த்துக் காயப்போட்டாள். கெட்சரில் அவன் சேலை எங்கே என்று கேட்டான். மொஸ்கோவில் பை மாறிவிட்டது என்றாள்.

அந்தோனிதாசன் சுவரில் சேலையைப் பார்த்தான். பிறகு காற்சட்டையைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் சேலையைப் பார்க்கவே இல்லை.

இந்தியர்கள் எங்கே போனாலும் இப்படித்தானா என்று இங்கர் அந்தோனிமுத்துவைக் கேட்டாள். ஓம், இந்தியர்கள் அப்படித்தான் என்று அவர் டெனிஷில் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து றோஸ் சிரித்தாள். ஸ்ரிபன் எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தான். அவன் மடியில் கோப்பி சிந்தியிருந்தது.

மேரிகிறேஸ் சிரிக்கவில்லை. இருட்டில் அதை யாரும் கவனிக்கவில்லை.

ஐந்து நாள் இங்கர் அடுத்த மேசையிலிருந்து சாப்பிட்டிருக்கிறாள். முட்டையைப் பார்த்தாள், விளக்குமாற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. மேரிகிறேசும் இங்கரைப் பார்க்கவில்லை. அங்கே எல்லாரும் ஒரே நிறத் தொப்பி போட்டிருந்தார்கள். இந்த ஏழு வாரமும் அந்தத் தொப்பிகளில் ஒன்றுதான் அவளுக்குக் கையைப் பிடித்து டெனிஷ் சொல்லிக் கொடுத்தது.

திரைச்சீலை திறந்தபோது இங்கரின் கணவன் இன்னொரு விசயம் சொன்னான். வீட்டில் இன்னொரு பெட்டி சிலைட் இருக்கிறது. அந்த மனுசி விளக்குமாற்றுடன் கதிரையில் ஏறி நின்று குரங்கைத் திட்டும் படம் அதில் இருக்கிறது. முகம் நல்ல தெளிவு. இங்கர் கைதட்டினாள். தேடி எடுத்துப் புதன்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னாள். பொலிசில் எப்படியும் அரைநாள் காத்திருக்க வேண்டிவரும், சிரிக்க ஏதாவது வேண்டுமே.

அந்தோனிமுத்து “தக்” என்றார். நன்றி என்று அர்த்தம். அதற்கு மேல் அவருக்கு டெனிஷ் வரவில்லை.

*

மேல்காற்று அடித்தது. மீன்மா ஆலையின் மணம் தெருவில் நின்றது. அந்தோனிமுத்துவும் றோசும் ஸ்ரிபனும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முன்னால் வேகமாகப் போனார்கள். அந்தோனிதாசன் வேண்டுமென்றே பின்தங்கினான். அவளும் பின்தங்க வேண்டியிருந்தது.

தபால் கந்தோரைத் தாண்டினார்கள். பிறகு கேட்டான்.

“அது ஆற்றை காற்சட்டை?”

வேறு ஏதாவது கேட்பானோ என்று அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

“ஸ்ரிபன்ரை.”

“ரெண்டு அறை எண்டியள்.”

“நான் சொல்லேல்லை. ஸ்ரிபன்தான் சொன்னவன்.”

“அவன்ரை காற்சட்டையை நீர் ஏன் தோய்க்கிறீர்?”

அவள் சொன்னாள். சொல்லியிருக்கக்கூடாது என்று பிறகு நினைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பூங்காக் காவலாளி கதவைத் தட்டினான். பச்சை உடுப்பு, சப்பாத்து, தோளில் துவக்கு. ஜீப்பில் மூன்று இடம் இருக்கிறது, ஏன் நீங்கள் ஒரு நாளும் வருவதில்லை என்று கேட்கத்தான் வந்தான். அது அவளுக்குப் பிறகுதான் விளங்கியது. ஸ்ரிபன் சப்பாத்தைக் கண்டான். துவக்கைக் கண்டான். அதற்கு முந்தின வருடம் மன்னாரில் ஆமி அவனைப் பிடித்துப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தது. அவன் அசையவில்லை. நின்ற இடத்திலேயே காற்சட்டை நனைந்தது. பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

மேரிகிறேஸ் அவனுக்கு முன்னால் போய் நின்றாள். தனக்குத் தெரிந்ததில் பொருத்தமானதைச் சொன்னாள். மை ஹஸ்பண்ட் இஸ் ஸ்லீப்பிங். காவலாளி அவளுடைய தோளுக்கு மேலால் அந்தக் கணவனைப் பார்த்தான். பிறகு தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். ஒன்பது நாளில் அவள் கண்ட ஒரே மரியாதையான மனிதன் அவன்தான்.

அவள் சொல்லி முடித்ததும் அந்தோனிதாசன் சிரித்தான். முதலில் மெதுவாக, பிறகு வாய்விட்டு. கையால் கண்ணைத் துடைத்தான்.

“கதிரையாலை சிங்கம் கலைச்சவரோ,” என்றான்.

அவன் முகம் தெளிந்திருந்தது. நாலு நாளாக, இல்லை, ஏழு வாரமாக இல்லாத தெளிவு. அவள் கையைப் பிடித்தான். அவள் கோட்டின் பொத்தானைப் பூட்டுவதற்காகக் கையை எடுத்துக்கொண்டாள். பொத்தான் ஏற்கனவே பூட்டியிருந்தது.

“புதன்கிழமை?” என்று கேட்டாள்.

“அதை அண்ணை பார்ப்பார்.”

அவன் முன்னே நடந்தான். நடை துள்ளலாக இருந்தது. இந்த மனிதனுக்காகத்தான் அந்தச் சேலையை மூன்று தரம் தோய்த்தேன் என்று அவள் நினைத்தாள். மூன்றாவது தரம் மணம் போய்விட்டதா என்று மோந்துகூடப் பார்த்தாள்.

*

அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து யோசனைகளை ஒவ்வொன்றாக வெளியே விட்டார். இங்கர் வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டியை இரவல் கேட்கலாம். விசாரணைக்கு வரவேண்டாம் என்று இங்கருக்குச் சொல்லலாம், றோசுக்குக் காய்ச்சல் என்று. றோஸ் தனக்குக் காய்ச்சல் வந்தால் இங்கர் ஏன் வரக்கூடாது என்று கேட்டாள். வாயை மூடு என்றார். மேரிகிறேஸ் கண்ணாடி போடலாம். ஸ்ரிபன் விபோர்க்கில் உள்ள சிநேகிதன் வீட்டில் கொஞ்ச நாள் நிற்கலாம்.

ஸ்ரிபன் அந்தக் கடைசி யோசனைக்காகவே காத்திருந்தவன் போல எழும்பிப் பையை எடுத்தான்.

அந்தோனிதாசன் சோபாவில் சாய்ந்திருந்தான். அவனுக்கு ஒன்றும் அவசரமில்லை.

“ஸ்ரிபன்,” என்றான். “அந்தச் சிங்கம் கதவைப் பிறாண்டினதோ, தட்டினதோ?”

ஸ்ரிபன் பையின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். கை நின்றது. அவன் அந்தோனிதாசனைப் பார்க்கவில்லை. மேரிகிறேசைப் பார்த்தான். கோபம் இல்லை. நீங்களுமா அக்கா என்பது போல ஒரு பார்வை. பிறகு குனிந்து சிப்பை மறுபடி இழுத்தான்.

ஆபிரிக்காவில் ஒரு துவக்குக்காரனிடமிருந்து மறைத்ததை எஸ்பியர்க்கில் தன் கணவனிடம் அவிழ்த்துக் கொடுத்திருந்தாள்.

தொலைபேசி அடித்தது.

அந்தோனிமுத்து எடுத்தார். இங்கர். அவர் முதுகு வளைந்தது. ஓம், ஓம் என்று டெனிஷில் சொன்னார். தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டாருக்குத் தமிழில் சொன்னார். படம் கிடைத்துவிட்டதாம். விளக்கில் பிடித்துப் பார்த்தாளாம். அந்த மனுசி அப்படியே மேரிகிறேசைப் போல இருக்கிறாளாம்.

றோஸ் சிலுவை போட்டாள்.

அந்தோனிமுத்து ஒரு கணம் யோசித்தார். பிறகு நிமிர்ந்தார். வெள்ளைக்காரருக்கு நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தானே தெரிவோம் என்று டெனிஷில், கொஞ்சம் மனம் நொந்த குரலில் சொன்னார். பிறகு இங்கர் மன்னிப்புக் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்தோனிமுத்து வீட்டாரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வென்றுவிட்ட முகம்.

அந்த முகம் ஒரு நிமிடம் இருந்தது. பிறகு விழுந்தது.

“என்ன?” என்றாள் றோஸ்.

தனக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறாளாம். மேரிகிறேசிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதற்காகப் படத்தைக் கட்டாயம் கொண்டுவருவாளாம். இரண்டு முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தன் மடைத்தனத்தைத் தானே சிரிக்க வேண்டுமாம். பொலிஸ்காரருக்கும் காட்டுவாளாம், டெனிஷ்காரர் எவ்வளவு குருடு என்று.

ஸ்ரிபன் பையைத் தோளில் போட்டான். அந்தோனிதாசன் முதன்முறையாகச் சோபாவில் நிமிர்ந்து இருந்தான். சட்டைப்பைக் கடிதத்தைக் கையால் பொத்திக்கொண்டான்.

மேரிகிறேஸ் அவர்களைப் பார்த்தாள். ஒருவர் காய்ச்சல் கண்டுபிடிக்கிறார். ஒருவன் விபோர்க்குக்கு ஓடுகிறான். ஒருவன் ஒரு காற்சட்டைக்கு விடை கிடைத்ததில் அரைநாள் நிம்மதியாக இருந்தான். படம் பொலிஸ் மேசைக்கு வரத்தான் போகிறது. உண்மை அவள் சொல்லி வருவது ஒன்று. குரங்கு காட்டி வருவது இன்னொன்று.

அவள் எழும்பிப் போய் அத்தானின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள். அவர் தடுக்கவில்லை. இங்கரின் மன்னிப்பைக் காதில் வாங்கிக்கொண்டு வைக்கப்போகிறாள் என்று நினைத்தார்.

இங்கர் டெனிஷில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். மேரிகிறேஸ் அவள் மூச்சு வாங்கும்வரை பொறுத்தாள்.

“ரூம் நம்பர் லெவின்,” என்றாள்.

மறுமுனை நின்றது.

அந்தோனிமுத்துவுக்கு அது விளங்க ஒரு நொடி எடுத்தது. தொடர்பை வெட்டக் கையை நீட்டினார். அவள் மற்றக் கையை வீசித் தொலைபேசிப் பெட்டியை உள்ளங்கையால் மூடினாள். அத்தானின் கையைத் தட்டிவிட்டாள் என்பதைப் பிறகுதான் உணர்ந்தாள். இந்த வீட்டில் யாரும் செய்யாத காரியம்.

இங்கரின் மூச்சுக் கேட்டது. பிறகு அவள் இங்கிலிஷில், மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக ஏதோ கேட்டாள். அதில் மேரிகிறேசுக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான். ஹஸ்பண்ட். அவன் யார் என்று கேட்டாளோ, எங்கே என்று கேட்டாளோ, அவனுக்கு இது தெரியுமா என்று கேட்டாளோ.

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தோனிதாசன் எழும்பி வந்து இரண்டு அடி தூரத்தில் நின்றான். கை கடிதத்தின்மேல் இருந்தது. வாய் திறந்திருந்தது. அந்தச் சொல் வரும் வசனம் அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது.

“மை ஹஸ்பண்ட் இஸ் ஸ்லீப்பிங்,” என்றாள் மேரிகிறேஸ்.

இங்கர் தொலைபேசியை வைக்கவில்லை.